விளக்கு பார்த்தல்

விளக்கு பார்க்கப் போவது என்ற காரியத்தை எழுதுகிறவர்களில் யாரும் மதிப்பதில்லை. கோயில் பார்க்கப் போகலாம், கடல் பார்க்கப் போகலாம், செத்தவர் வீட்டுக்குப் போகலாம். இவற்றுக்கெல்லாம் நம் கவிதையில் இடமுண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் பட்டணத்துக்குப் போய், கடை வாசல்களிலும் மாதாகோயில் முகப்புகளிலும் தொங்கும் சர விளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவனை மட்டும் கேலிக்குத்தான் எடுத்துக்கொள்வோம். கூட்டம், வியாபாரம், பகட்டு என்று மூன்று சொற்களில் அவனை முடித்துவிடுவோம். நானும் அப்படி முடித்தவன்தான். பத்து வருஷங்களுக்கு முன்பு இதுபோன்ற ஒரு பத்திரிகையில் என் கவிதை ஒன்று வந்தது. சென்னையின் டிசம்பர் விளக்குகளைச் சீழ் பிடித்த புண்களாகவும், கல்வராயன் மலையின் இருளைக் கர்ப்பப்பையாகவும் கண்ட கவிதை. நண்பர்கள் இருவர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். எங்கள் வட்டத்தின் அளவுக்கு அது பெரிய வரவேற்பு.

இக்கட்டுரை அந்தக் கவிதையைப் பற்றியது. அது இன்று எனக்குப் பொய்யாகப் படுகிறது. எந்த இடத்தில் பொய்யானது என்று காட்டுவதற்கு, 2024 டிசம்பரில் நாங்கள் விளக்கு பார்க்கப் போன கதையைச் சொல்லியாக வேண்டும்.

போனவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, எட்டு வயது மகள்; எங்கள் கிளையில் தினக்கூலிக்கு இருக்கும் ஒருவர், அவருடைய பையனும் பெண்ணும். அவருக்கு ஊர் வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். யோசனை என்னுடையதல்ல, அவருடையது. அவர் பெண் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லக் கேட்டு, பட்டணத்தில் கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். "நீங்க போற வழி தெரிஞ்சவரு சார், கூட வாங்க" என்றார். எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் கிறிஸ்து பிறப்போடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆகவே நாங்கள் போனது கலப்பற்ற வேடிக்கை. பக்தி என்ற சாக்குக்கூட இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஏறி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று வந்து கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். தங்கிய விடுதியில் ஊர்ப்பெயர் எழுதும்போது மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிர்ந்து, "கள்ளச்சாராயம் குடிச்சுச் செத்தாங்களே, அந்த ஊரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வருஷம் ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2019இல் தனி மாவட்டமானபோது விழாத வெளிச்சம் எங்கள் ஊர்மீது அப்போது விழுந்தது. தொலைக்காட்சிக்காரர்களின் விளக்குகள் இரவெல்லாம் அந்தத் தெருவில் எரிந்தன. அந்த வெளிச்சத்தின் ஓரம் கல்வராயன் மலைக்கும் எட்டியது. சாராயம் காய்ச்சும் மலை என்ற பெயர் அதற்குப் பழையது. அந்த மக்களின் நிலையை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நல்ல காரியம்தான். ஆனால் ஓர் ஊர் தெரிய வருவதற்கு அத்தனை பிணம் வேண்டியிருந்தது. விடுதிக்காரர் கேட்டபோது என் கூட வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

மாலையில் வேளச்சேரிப் பக்கத்துப் பெரிய வணிக வளாகம் ஒன்றுக்குப் போனோம். வாசலிலிருந்த காவலாள் என்னைப் பையோடு உள்ளே விட்டான். பின்னால் வந்தவரின் மஞ்சப்பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலும் குழந்தைகளின் மாற்றுத்துணியும். அதற்குப் பிறகு கண்ட காட்சி நீங்கள் அறிந்ததுதான். மூன்று மாடி உயரத்துக்கு இரும்புச் சட்டத்தில் கட்டிய ஊசியிலை மரம், பஞ்சினால் ஆன பனி, கம்பியால் வளைத்த மான்கள், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன பல்புகள். வெளியே நமக்கு வேர்க்கும் டிசம்பர்.

என் விமர்சனப் புத்தி உடனே வேலை செய்ய ஆரம்பித்தது. மரத்துக்கு மின்விளக்கு போடுவது என்பதே வியாபாரத்தின் குழந்தை என்று ஞாபகம் வந்தது. 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் எண்பது பல்புகளைச் சுற்றி எரியவிட்டார். எடிசன் கம்பெனி மின்சாரம் விற்கத் தொடங்கியிருந்த வருஷம் அது. அடுத்தபடியாக, கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். எல்லோரும் கைபேசியை எதிரே நீட்டித் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு பார்க்க வந்தவர்கள் விளக்குக்கு முதுகு காட்டுகிறார்கள்! ஒரு கவிதைக்கு இது போதும் என்று அந்தக் கணத்தில் நினைத்தேன். அந்தச் சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறருடைய அசட்டுத்தனம் கையில் அகப்படும்போது எழுதுகிறவனுக்கு ஏற்படும் சந்தோஷம் அது.

பக்கத்தில் நின்றவரிடம், என் கவிதையையே பேச்சாக்கி, "இதெல்லாம் என்னங்க, உங்க மலையில ராத்திரி நட்சத்திரம் இதைவிட நல்லா இருக்குமே?" என்றேன். அவர் யோசிக்கவில்லை. "இருட்டுல யாரு சார் மேல பாப்பா? கீழே பாத்துத்தானே நடக்கணும். பாம்பு கிடக்கும்" என்றார்.

என் கவிதை முடிந்த இடம் இதுதான். அதில் மலைக்காரன் ஒருவன் வருகிறான். இருளில் அண்ணாந்து நின்று நட்சத்திரங்களை அறிகிறான். அப்படி ஒரு மலைக்காரன் கிடையாது. அண்ணாந்து நின்றவன் நான். கோடை விடுமுறையில் ஜீப்பில் போய், வனத்துறை விடுதியில் இருந்து, வேலியிட்ட முற்றத்தில், செருப்புப் போட்ட காலோடு நின்றவன். நட்சத்திரம் பார்ப்பதற்குக் காலடியில் பயமின்மை வேண்டும். அந்தப் பயமின்மை எனக்கு ஒரு விளக்கினால் கிடைத்தது. விடுதி வாசலில் எரிந்த அந்த விளக்கைக் கவிதையிலிருந்து நான் நீக்கிவிட்டேன். படிமத்துக்கு இடைஞ்சல் என்று நீக்கியிருப்பேன். பொய் என்று நான் சொல்வது இதைத்தான். கவிதையில் கற்பனை இருப்பது குற்றமல்ல. எந்த ஒன்றின் பலத்தில் கற்பனை நிற்கிறதோ அதை மறைத்துவிடுவதுதான் குற்றம்.

இருளைக் கர்ப்பம் என்று சொன்னதற்கும் இதே கதிதான். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. அரசு அதைத் தன் வசம் எடுத்தது 1976இல். நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷங்கள் கழித்து. அதுவரை மலையாளிகள் என்று அழைக்கப்படும் அந்த மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். என்னோடு வந்தவரின் தகப்பனார் அதைச் செய்தவர். ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்கம்பம் எல்லாம் அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், ஏறி வந்தன. அந்த இருள் ஆதி இருளல்ல. யாரோ விளக்கு கொண்டுபோகாததால் இருந்த இருள். நிர்வாகத்தின் விளைவு ஒன்றை நான் பிரபஞ்ச தரிசனமாக மாற்றி, அதற்காகப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

இந்த மனோபாவம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பி.ஏ. வகுப்பிலிருந்துதான். நவீன நகரத்தின் மீதான அலுப்பை நாம் ஐரோப்பிய இலக்கியத்திலிருந்து கற்றோம். லண்டனில் 1807இலேயே பால் மால் தெருவில் வாயு விளக்கு எரிந்தது. அங்கே கவிகள் வெளிச்சத்தைக் கண்டு முகம் சுளித்தபோது, அவர்களுக்குப் பின்னால் தலைமுறைகள் கணக்காக வெளிச்சம் இருந்தது. சுளிப்பதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. நாம் விளக்கு வருமுன்பே விளக்கின் மீதான அலுப்பை இறக்குமதி செய்துகொண்டோம். அலுப்பு நமக்கு நாகரிகத்தின் அடையாளமாயிற்று. டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதில், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு எழுதும் எனக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. ஆனால் அதே எலியட் வயதான காலத்தில், 1954இல், கிறிஸ்துமஸ் மரங்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அலங்கார மரத்தின் முன் நிற்கும் குழந்தையின் வியப்பைத் தள்ளிவிடாமல் சாகும்வரை காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அக்கறை. நாம் இளம் எலியட்டின் பாழ்நிலத்தை எடுத்துக்கொண்டோம். கிழ எலியட்டின் மரம் நமக்கு வேண்டியிருக்கவில்லை. அதை எடுத்துப் பேசினால் நம் வட்டத்தில் யாரும் கடிதம் எழுதமாட்டார்கள்.

இப்படிச் சொல்வதால் வணிக வளாகத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பொருளல்ல. அந்த விளக்குகளில் ஏதோ ஒன்று இல்லை என்ற உணர்வு எனக்கு இன்னும் இருக்கிறது. அது என்ன என்பது மறுநாள் லஸ்ஸில் ஓரளவு தெளிவாயிற்று.

பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி, மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு பிரகாச மாதா கோயிலுக்குப் போனோம். மயிலாப்பூர்க்காரர்கள் இதைக் காட்டுக் கோயில் என்பார்கள். 1516இல் போர்த்துகீசியர் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில். போர்த்துகீசிய மொழியில் லஸ் என்றால் வெளிச்சம். கடலில் திசை தப்பிய மாலுமிகளுக்குக் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பின்பற்றிக் கரையேறி வந்தார்கள். காட்டுக்குள் ஓரிடத்தில் அது மறைந்துபோயிற்று. அங்கே கோயில் எழுப்பினார்கள் என்பது ஐதிகம். இதில் என்னைத் தொட்டது அந்த வெளிச்சம் மறைந்துபோனது என்ற பகுதிதான். வழி காட்டியாயிற்று, அணைந்துவிட்டது. பெத்லகேம் கதையின் நட்சத்திரமும் அந்த ஜாதிதான். தன்னைப் பார்க்கச் சொல்லி அது வரவில்லை, வேறொன்றைப் பார்க்கச் சொல்லி வந்தது. எங்களூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையிலும் இதே தர்மம். கார்த்திகையன்று மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகு ஜனங்கள் தத்தம் வீட்டு வாசலில் அகல் ஏற்றுகிறார்கள். மலைமேல் எரிவது ஒரு காட்சி மட்டுமல்ல, இனி நீ ஏற்று என்ற உத்தரவும் அதுதான்.

சுட்டும் விளக்கு, காட்சியாகும் விளக்கு என்று இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். வளாகத்து மரம் இரண்டாவது வகை. அது தனக்கு அப்பால் எதையும் சுட்டவில்லை. அதிகம் போனால் அடுத்த கடையைச் சுட்டுகிறது. என் மனக்குறைக்கு இதுதான் காரணம் என்று லஸ் கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சித்தாந்தத்தைக் கட்டி முடித்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதுவும் பாதி இடிந்தது.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டியபோது என் மனைவி சாதாரணமாகக் கேட்டாள்: "விளக்கு பார்க்க இவ்வளவு தூரம் வந்தோமே, இங்க எறையூர்லயே பெரிய மாதாகோயில் இருக்கே, அங்க ஏன் போகலை?" நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற பழைய கத்தோலிக்க ஊர், ஜெபமாலை அன்னையின் கோயில். டிசம்பரில் அங்கேயும் நட்சத்திரம் கட்டுவார்கள், குடில் வைப்பார்கள். அங்கே ஒரு கிறிஸ்துமஸுக்கும் நான் போனதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் கோயிலில் சம இடமில்லாமல் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். அங்கே விளக்கு பார்க்கப் போனால் எந்தத் தெரு விளக்கைப் பார்க்கிறோம் என்ற கேள்வி உடனே எழும். அங்கே தொங்கும் நட்சத்திரம் சுட்டும் விளக்குதான். ஆனால் அது கோயிலை மட்டும் சுட்டவில்லை. யார் எந்தப் பாதையில் வரலாம், யார் பிணம் எந்தப் பக்கம் போகலாம் என்பதையும் சேர்த்தே சுட்டுகிறது.

அப்போதுதான் முதல்நாள் மாலையை வேறு விதமாகப் பார்க்க முடிந்தது. காவலாள் பையைத் திறந்தது உண்மை. அதைத் தாண்டி உள்ளே போன பிறகு, அந்த மரத்தின் கீழ், விடுதிக்காரர் கேட்ட கேள்வியை யாரும் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த மலை என்று கேட்கவில்லை. விடுதியில் தரையைப் பார்த்து நின்றவர் அங்கே ஒரு மணி நேரம் அண்ணாந்து நின்றார். தரை வழுவழுப்பாக, பாம்பு இல்லாமல், பகல் போல் வெளிச்சமாக இருந்தது. பின்பு அவரும் மரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இரண்டு குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு, என்னிடம் கைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பார்த்துவிட்டு, "மூணு மூஞ்சியும் தெளிவா விழுந்திருக்கு சார்" என்றார். அந்த வாக்கியத்தின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. கவிதைக்கு ஆகும் என்று நான் எண்ணிய அந்த முதுகுகள், அந்த வெளிச்சம் தங்கள் முகத்தில் விழ வேண்டும் என்று நின்ற முதுகுகள். தங்கள் முகத்தின் மேல் வெளிச்சம் விழுந்து பார்த்திராதவர்கள் விளக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று சொல்ல நான் யார்? என் முகத்தின் மேல் எப்போதும் போதிய வெளிச்சம் இருந்தது. எந்தத் தெருவிலும் நான் நடக்கத் தடை இருந்ததில்லை. பகட்டு என்று சலித்துக்கொள்ளும் சௌகரியம் அதனால் வந்தது.

அதற்காக நகரம் சமத்துவத்தைத் தந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய். அது தருவது யாரும் கேட்காத ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அதையும் விற்பனைக்கு நடுவில், பை சோதனைக்குப் பிறகு, வாங்க மாட்டான் என்று தெரியும்வரைதான் தருகிறது. இரவு ஒன்பதரைக்குக் காவலாட்கள் எங்களைப் போல் சும்மா நின்றவர்களை நகரச் சொன்னார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எறையூரும் தரவில்லை, கல்வராயன் மலையின் கர்ப்ப இருளும் தரவில்லை, என் கவிதையும் தரவில்லை. ஜனங்கள் ஏன் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து விளக்கு பார்க்கப் போகிறார்கள் என்பதற்கு வியாபாரம், பகட்டு என்ற சொற்களை வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட முடியாது என்பதே நான் சொல்ல வந்தது.

நம் மொழியில் விளக்கு என்ற சொல் தீபத்தையும் குறிக்கும், பொருளை விளங்கச் செய்வதையும் குறிக்கும், பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுவதையும் குறிக்கும். விமர்சகர்கள் நாம் முதல் இரண்டு அர்த்தங்களோடு நின்றுவிடுகிறோம். நமக்கே ஒளி இருப்பதாகவும், அதைப் பிறர்மேல் பாய்ச்சி விளக்குவதாகவும் எண்ணிக்கொள்கிறோம். மூன்றாவது அர்த்தம் நம் கைக்கு அழுக்கு ஒட்டும் வேலை. சொந்தப் பாத்திரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய வேலை. பத்து வருஷத்துக் கரி ஒரு கவிதையில் ஏறியிருந்ததை எனக்குக் காட்டியவர் கவிதை படிக்கிறவரல்ல. தொகுப்பு போடும் எண்ணம் இருக்கிறது. அந்தக் கவிதை அதில் இராது.

காலையில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் அவர்கள் வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பெண் கையில் காகித நட்சத்திரம் ஒன்று, மடித்தபடி. லஸ் முனையில் வாங்கியது. உள்ளே பல்பு மாட்டி எரியவிடுவது. வாசலில் கட்டப் போகிறாயா என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சொன்னார்: "வாசல்ல இல்ல சார். பக்கத்துச் செவுத்துல கட்டணும். பாதை திரும்பற இடம் அங்கதான், ராத்திரி கண்ணு தெரியாது."